கடனா, ஹிபாவா, பங்கா? எழுதிவிட்டுக் கொடுங்கள்



பதிவு நீளம். நேரமில்லாதவர்கள் இப்போது விட்டுவிடுங்கள். ஆனால் வீட்டில் ஒரு கலியாணப் பேச்சு ஆரம்பித்தால் அன்றைக்குத் தேடி எடுத்தாவது வாசியுங்கள்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர் இருக்கிறார். பதினேழு வருடமாகப் படிப்பிக்கிறார். சம்பளச் சீட்டு வரும் நாளில் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். அவர் மட்டும் பார்க்காமலே மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார். அதில் இரண்டு கடன் வெட்டுப்படுகிறது. ஒன்று இடர் கடன், மற்றது வங்கிக் கடன். இரண்டும் வீடு கட்டுவதற்கு எடுத்தது. அந்த வீட்டில் அவர் இப்போது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் தலாக் ஆகி, பிள்ளைகளோடு உம்மா வீட்டின் முன் அறையில் இருக்கிறார். காணி மாப்பிள்ளை வழியில் வந்தது, உறுதி மாப்பிள்ளையின் பெயரில். அதன் மேல் எழும்பிய சுவருக்கும் கூரைக்கும் போன காசில் பெரும்பகுதி டீச்சருடைய கடனும், அவருடைய உம்மா போட்டுவிட்ட பதினாலு பவுண் நகையும்.

காதியிடம் போனார். பிள்ளைகளின் தாபரிப்புக்குக் கட்டளை கிடைத்தது. வீட்டைப் பற்றிக் கேட்டபோது, அது காதி நீதிமன்றம் தீர்க்கிற விஷயமில்லை, மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். சட்டத்தரணியிடம் போனார். அவர் கேட்ட முதல் கேள்வி: "எழுத்தில் ஏதாவது இருக்கா?"

இல்லை. புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் என்ன எழுத்து?

மற்றப் பக்கம் அவர் ஊரில் சொல்லித் திரிவது ஒரே வசனம்தான்: "அவ விரும்பித்தானே தந்தா."

இந்தப் பதிவு அந்த ஒரு வசனத்தைப் பற்றியதுதான்.

விரும்பித்தான் கொடுத்தார். அதில் சந்தேகமில்லை. ஆனால் என்னவாகக் கொடுத்தார்? நம்முடைய மார்க்கத்தில் ஒருவருடைய காசு இன்னொருவர் கைக்கு விருப்பத்தோடு போனால் அதற்கு ஒரு பெயர் இருக்கவேண்டும். திருப்பித் தரவேண்டியதாக இருந்தால் கடன். திரும்ப எதிர்பார்க்காமல் கொடுத்தால் ஹிபா. இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றை உண்டாக்கப் போட்டால் பங்கு, ஷிர்கத். மூன்றுக்கும் மூன்று சட்டம். கடன் என்றால் அவர் மௌத்தாகும்போது சொத்தைப் பிரிக்க முன் கொடுபடவேண்டும். ஹிபா என்றால் கதை முடிந்தது. பங்கு என்றால் வீட்டில் அவளுக்கு ஒரு துண்டு இருக்கிறது. கடைக்காரர் மச்சானுக்கு ஐயாயிரம் ரூபா கொடுத்தாலும் இது கடனா உதவியா என்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். மனைவி பதினாலு பவுணைக் கழற்றிக் கொடுக்கும்போது மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கொடுக்கிறவளும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. பெயரில்லாமலே கைமாறுகிறது. பத்து வருடம் கழித்துப் பிரச்சினை வந்தால் வாங்கியவர் அதற்கு ஹிபா என்று பெயர் வைக்கிறார், கொடுத்தவள் கடன் என்கிறாள், ஊர் இரண்டையும் கேட்டுவிட்டு "சபூர் செய்யுங்க" என்கிறது.

கணவன் மனைவிக்கிடையில் காசு, காணி, நகை பற்றி எழுத்தில் ஒரு உடன்படிக்கை வேண்டும் என்று நாங்கள் சொன்னால் உடனே வருகிற பதில் நமக்குத் தெரியும். "இது வெள்ளைக்காரன் பழக்கம். சினிமாக்காரர்கள் செய்வது. கலியாணத்துக்கு முன்பே பிரிவதைப் பற்றி யோசிக்கிறதா? பரக்கத் போய்விடும்."

முதலில் இந்த வெள்ளைக்காரன் கதையை முடிப்போம். இங்கிலாந்தில் கலியாணத்துக்கு முன்னான சொத்து உடன்படிக்கைகளுக்கு நீதிமன்றங்கள் நெடுங்காலம் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை. அங்குள்ள உச்ச நீதிமன்றம் அவற்றுக்குக் கனமான இடம் கொடுத்தது 2010இல்தான். அதுவும் ஒரு பணக்காரக் குடும்பத்துப் பெண்ணின் சொத்தைப் பாதுகாக்க வந்த வழக்கில். நாமோ, நிக்காஹ் என்பதே ஒரு ஒப்பந்தம் என்று மத்ரஸாவில் முதல் வருடத்திலேயே படிப்பவர்கள். ஈஜாப், கபூல், சாட்சி, மஹர் எல்லாம் ஒப்பந்தத்தின் உறுப்புகள்தானே? கலியாணத்தின்போது ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளே நிறைவேற்றுவதற்கு மிகத் தகுதியானவை என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. குர்ஆனின் ஆக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. அல்-பகராவின் 282ஆவது வசனம். கடனை எழுதுவது, யார் எழுதுவது, யார் சொல்லச்சொல்ல எழுதுவது, சாட்சி யார், சிறிய தொகையென்று அலுத்துப்போய் எழுதாமல் விடலாமா என்பதெல்லாம் அதில். "புருஷன் பெண்சாதி தவிர" என்று அதில் ஒரு விதிவிலக்கை எங்களால் காணமுடியவில்லை. கண்ட ஆலிம்கள் இருந்தால் சொல்லித் தாருங்கள், திருத்திக்கொள்கிறோம்.

சரி, நம்பிக்கை? தம்பிக்கு லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுக்கப் பிணைக் கையெழுத்து வைக்கிறோம். டவுனில் கடை எடுத்தால் கீ மணிக்குப் பத்திரம். உம்ராவுக்குக் காசு கட்டினால் ரிசீட் வாங்காமல் எழும்புவதில்லை. பள்ளிவாசலுக்கு மாதச் சந்தா நூறு ரூபா கொடுத்தாலும் பற்றுச்சீட்டு வெட்டித் தருகிறார்கள். அதனால் பள்ளிவாசல் மேல் நமக்கு நம்பிக்கை குறைந்துவிட்டதா?

உண்மையில், உடன்படிக்கையே வேண்டாம் என்கிற இந்தச் சமூகம் ஒவ்வொரு கலியாணத்திலும் ஒரு காசு உடன்படிக்கை செய்துகொண்டுதான் இருக்கிறது. வீடு யார் கொடுப்பது, எத்தனை பவுண், மாப்பிள்ளைக்கு எவ்வளவு, தளபாடம் என்ன, வலீமாச் செலவு யார் தலையில் என்றெல்லாம் தரகர் வந்து, மூத்தவர்கள் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, சதம் வரைக்கும் பேசுகிறார்கள். மூன்று கிழமை பேசிய இந்த உடன்படிக்கையில் காவின் புத்தகத்துக்குப் போவது மஹர் என்று சொல்லப்படும் சில ஆயிரங்கள். மிச்சமெல்லாம் வாயோடு நிற்கிறது. அந்தப் பேச்சு முழுவதிலும் மணமகள் இருந்தது குசினியில். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் அவளுடைய கையொப்பத்தைக்கூடக் கேட்கவில்லை. வலீ வைத்தால் போதும்.

கைக்கூலியைப் பாருங்கள். இதை ஹராம் என்று குத்பாவில் சொல்வோம், அஸருக்குப் பிறகு போய் வாங்கிக்கொள்வோம். ஆனால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், அதே 1951ஆம் ஆண்டுச் சட்டம் கைக்கூலிக்கு ஒரு வரைவிலக்கணம் வைத்திருக்கிறது என்று? பெண் வீட்டார் கலியாணத்துக்கு முன்போ கலியாணத்தின்போதோ மணமகனிடம் கொடுக்கிற, அல்லது தருவதாக வாக்களிக்கிற பணமும் அசையும் சொத்தும்தான் கைக்கூலி. எதற்காகக் கொடுப்பது? மணமகளின் உபயோகத்துக்காக. மாப்பிள்ளையின் உபயோகத்துக்காக அல்ல, மாமியாரின் கடனை அடைக்க அல்ல, மச்சினியின் கலியாணத்துக்கு அல்ல. மாப்பிள்ளையின் கை அந்தக் காசு தங்கும் இடம் மட்டும்தான், காசு பெண்ணுடையது. அதைத் திருப்பிக் கேட்டு அவள் காதியிடம் போகவும் முடியும். அதாவது நாட்டின் சட்டத்தில் அவள் பக்கம் ஒரு வரி ஏற்கெனவே இருக்கிறது. நாமோ அந்தத் தொகையை எழுதாமல் விட்டு அந்த வரியைச் செத்த எழுத்தாக்கி வைத்திருக்கிறோம். எழுதினால் மானம் போகும் என்று பெண் வீட்டார் பயப்படுகிறார்கள், எழுதினால் திருப்பிக் கொடுக்க நேரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பயப்படுகிறார்கள். இரண்டு பயத்தில் எது கெட்டித்தனமான பயம் என்று நீங்களே முடிவெடுங்கள்.

கவனியுங்கள், அசையும் சொத்து என்றுதான் சொன்னோம். காணியும் வீடும் அதற்குள் வராது. நம் பெண்கள் ஆகக் கூடுதலாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

காணி விஷயத்தில் இலங்கைச் சட்டம் மிகப் பழையது, மிகக் கண்டிப்பானது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணியை விற்பது, மாற்றுவது, அதைப் பற்றி வாக்குறுதி கொடுப்பது எதுவானாலும் எழுத்தில், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பம் வைத்தால்தான் செல்லும். "பாதி உனக்குத்தான்" என்று முதலிரவில் சொன்னாலும், ஹஜ்ஜில் வைத்துச் சொன்னாலும், காணிக்கு அது சட்டத்தில் காற்றில் போன பேச்சு. காசு கொடுத்தவர் ஒருவர், உறுதியில் பெயர் வேறொருவர் என்றால் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. பெயர்க்காரர் காசு கொடுத்தவருக்காகச் சொத்தை வைத்திருக்கிறார் என்று வாதாடலாம். ஆனால் காசு கொடுத்ததையும், அன்பளிப்பாகக் கொடுக்கவில்லை என்பதையும் காட்டவேண்டியது கொடுத்தவர். நகைக்கடையில் உருக்கக் கொடுத்த பதினாலு பவுணுக்கு யாரிடம் ரிசீட் இருக்கிறது? அதுவும் காணியை வாங்கியபோது கொடுத்த காசுக்குப் பொருந்துகிற வழி. ஏற்கெனவே அவருடையதாக இருந்த காணியில் கட்டிய வீட்டுக்கு அந்த வழியும் நேராகப் போகாது.

பிரிந்தவர்களின் கதை இது, எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்காது என்கிறீர்களா? அல்ஹம்துலில்லாஹ், நடக்காமல் இருக்கட்டும். ஆனால் மௌத் எல்லா வீட்டுக்கும் வரும்.

நாங்கள் கணிதம் படிப்பிப்பவர்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிற பின்னக் கணக்கு ஒன்று தருகிறோம், போட்டுப் பாருங்கள். ஒருவர் மௌத்தாகிறார். கடன் இல்லை. பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், கூடப் பிறந்த நானா ஒருவர். ஒரு வீடு, பெறுமதி 120 இலட்சம், உறுதி அவர் பெயரில். மனைவிக்கு எட்டில் ஒன்று, 15 இலட்சம். பெண் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, 80 இலட்சம். மிச்சம் 25 இலட்சம் நானாவுக்கு. இது அல்லாஹ் வைத்த பங்கு, இதில் நமக்குப் பேச்சில்லை.

ஆனால் அந்த வீட்டில் பாதி மனைவியின் காசு என்றால்? அப்போது அவர் விட்டுப்போன சொத்து 120 அல்ல, 60. மனைவியின் 60 பிரிக்கப்பட வேண்டியதே அல்ல. மிச்ச 60இல் மனைவிக்கு ஏழரை, பிள்ளைகளுக்கு 40, நானாவுக்குப் பன்னிரண்டரை. ஆக, எழுதாமல் விட்ட கணக்கில் மனைவிக்கு வருவது 15 இலட்சம், சரியான கணக்கில் 67½ இலட்சம். நானாவின் கைக்குப் போன 25இல் பாதி அவருக்கு உரியதே அல்ல. அவர் திருடவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. பள்ளிவாசலில் ஆலிமை வைத்து, பிஸ்மி சொல்லி, ஃபராயிழ் முறைப்படி பிரித்துத்தான் வாங்கினார். உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் சொத்தை மையித்தின் சொத்தென்று நாம் பங்குவைத்துவிட்டோம். வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு புள்ளியைத் தொட்டாலும் ஊர்வலம் போகிற நாம், அந்தச் சட்டத்துக்குள் பிழையான இலக்கத்தைப் போட்டு விடை எடுப்பதைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. கேள்வி பிழையென்றால் விடை சரியாக வருமா, பிள்ளைகளே?

இது பெண்களுக்கான பதிவு என்று நினைத்துக் கடந்துபோகிற சகோதரர்களே, கொஞ்சம் நில்லுங்கள்.

எங்கள் முதல் நியமனம் கிழக்கில். அங்கே வழக்கம் வேறு. பெண் பிள்ளைக்கு வீடு வளவு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போவார். வாப்பாவும் நானாமாரும் கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய வீடு. தங்கச்சிக்கு வீடு முடியாமல் தங்கள் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட நானாமாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தச் சுமை சரியா என்பது வேறு பதிவுக்கான விஷயம். அங்கே மாப்பிள்ளை கட்டாருக்கோ சவூதிக்கோ போய் இருபது வருடம் காசு அனுப்புவார். மனைவியின் வளவில், மனைவியின் உறுதியில், மேல்மாடி எழும்பும். குளியலறைக்கு டைல்ஸ், முன்னுக்குக் கேட். ஐம்பது வயதில் சீனி வியாதியோடு திரும்பி வருவார். வந்தபின் ஒத்துப்போகவில்லை என்றால் அவர் எடுத்துக்கொண்டு போவது அதே சூட்கேஸ். "அவர் விரும்பித்தானே அனுப்பினார்." வசனம் அதேதான், ஆள் மட்டும் மாறுகிறது. இப்படி ஒருவர் எங்கள் பாடசாலைக்கு முன்னால் பழக்கடை வைத்திருந்தார். வீதிக்கு அந்தப் பக்கம் அவர் கட்டிய மாடி. எதிரில் உட்கார்ந்து வாழைப்பழம் விற்றார்.

அதே கிழக்கில் 2004 சுனாமிக்குப் பிறகு இதன் மறுபக்கமும் நடந்தது. கடலோடு போனவற்றில் எத்தனையோ வீடுகள் பெண்களின் சீதன வீடுகள், பெண்ணின் பெயரில் இருந்தவை. மாற்று வீடு கொடுக்கும்போது படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று கேட்டார்கள். நிரப்பியவர்கள் ஆணின் பெயரைப் போட்டார்கள். வாப்பா மகளுக்கென்று கொடுத்தது அலையோடு போய், திரும்பி வரும்போது மருமகனுடையதாக வந்தது. அந்த நேரம் கூடாரத்தில் இருந்த பெண் உறுதியைப் பற்றியா யோசித்திருப்பாள்?

மற்ற முஸ்லிம்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பார்ப்போமே. மொரோக்கோ 2004இல் கொண்டுவந்த குடும்பச் சட்டத்தின் 49ஆவது உறுப்புரை, கணவனுடைய சொத்தும் மனைவியுடைய சொத்தும் வேறு வேறு என்றுதான் ஆரம்பிக்கிறது, நம் ஃபிக்ஹ் சொல்வது போலவே. அதன் பிறகு, கலியாணத்துக்குப் பின் தேடுகிற சொத்தை எப்படிக் கையாள்வது என்று இருவரும் தனிப் பத்திரத்தில் உடன்படலாம் என்கிறது. அப்படி ஒரு வழி இருப்பதை நிக்காஹ் எழுதுகிறவர்களே இருவருக்கும் சொல்லவேண்டும் என்றும் வைத்திருக்கிறது. மலேசியாவில் நம்மைப்போல ஷாஃபிஈ மத்ஹபுக்காரர்கள். அங்கே "ஹர்த்தா செபென்ச்சாரியான்" என்று ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிய சொத்து. பிரிந்தாலும் மௌத்தானாலும் ஷரீஆ நீதிமன்றம் அதைத் தனியாக எடுத்துப் பார்க்கிறது. வீட்டுவேலை செய்து பிள்ளை வளர்த்த மனைவியின் உழைப்பும் அதில் கணக்குக்கு வரும். அந்தச் சொல்லின் வேர் "தேடுதல்". யாழ்ப்பாணத்துத் தமிழருக்கான தேசவழமையிலும் கலியாண காலத்தில் சம்பாதித்த சொத்துக்குப் பெயர் "தேடியதேட்டம்". மலாய்க்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் ஒரே எண்ணத்தில் ஒரு சொல் வந்திருக்கிறது. தேசவழமையில் பெண்ணுக்கு வேறு பிரச்சினைகள் உண்டு, தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் தேவை என்பது போல. அந்தக் கட்டு நமக்கு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சேர்ந்து தேடியதற்கு ஒரு சொல்கூட நம் பேச்சில் இல்லையே.

இஸ்லாம் பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை கொடுத்தது, இங்கிலாந்து அதை 1882இல்தான் கொடுத்தது என்று மீலாத் மேடையில் ஏறிப் பேசுவோம். நாங்களும் பேசியிருக்கிறோம், மாணவிகளுக்கு எழுதிக் கொடுத்துப் பரிசும் வாங்கவைத்திருக்கிறோம். தனிச் சொத்துரிமை என்றால் என்ன? அவளுடையது அவளுடையது என்று தெரியவேண்டும். அவளுடையது எது என்றே தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுவிட்டு, உறுதியை மட்டும் ஒருவர் பெயரில் வைத்துக்கொண்டால் அந்த உரிமை மேடையோடு முடிந்தது.

விவாகச் சட்டத்தைத் திருத்துவதா விடுவதா என்ற சண்டை எங்களுக்குத் தெரியும். 2009இல் நியமித்த குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும் இழுபறிதான். அந்தச் சண்டையில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, இந்த விஷயத்துக்கு அது தேவையில்லை. நாங்கள் சொல்கிற எதற்கும் பாராளுமன்றம் கை உயர்த்த வேண்டியதில்லை. இன்றைக்கு இருக்கிற சட்டத்தோடு, ஊரில் இருக்கிற நொத்தாரிசோடு, நாளைக்கே செய்யலாம்.

என்ன செய்வது? மஹரை மஹராக வையுங்கள், கொடுத்தாயிற்றா பாக்கியா என்று உண்மையை எழுதுங்கள். கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதிக் கலியாணத்தைப் பொய்யோடு ஆரம்பிக்க வேண்டாம். கைக்கூலி வாங்காதீர்கள். வாங்கித்தான் தீருவேன் என்கிறவரிடம், "சரி, தொகையை எழுதிக் கையெழுத்து வைப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே வேண்டாம் என்பார்கள். நகைக்கு ஒரு தாள் போதும். எத்தனை பவுண், யார் போட்டது, யாருடையது, இரண்டு பேர் கையொப்பம், இரண்டு சாட்சி. பிறகு அதை ஈடு வைத்தாலோ விற்றாலோ அதே தாளின் பின்பக்கத்தில் திகதி, தொகை, எதற்கு, கடனா ஹிபாவா பங்கா. இந்த ஒரு வரி எழுத ஐந்து நிமிடம்.

காணிக்கும் வீட்டுக்கும் தாள் போதாது. கட்ட முன் நொத்தாரிசிடம் போய், போடுகிற காசுக்கு ஏற்றபடி பிரிபடாத பங்காக இருவர் பெயரிலும் உறுதி எழுதவேண்டும். அத்திவாரம் போட முன் போவது நல்லது. கூரை போட்டபின் ஒருவருக்கும் அவசரம் இருக்காது. ஒருவர் மற்றவருக்கு நன்கொடையாகப் பங்கு எழுதுவதானால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, திரும்பப் பெறமுடியாதது என்று உறுதியிலேயே சொல்லப்பட்டிருந்தால் ஒழிய, முஸ்லிம் எழுதிய நன்கொடை உறுதி திரும்பப் பெறமுடியாததாகக் கருதப்படாது. அந்த ஒரு வசனம் விடுபட்டால் நாளைக்கு மனம் மாறும்போது பிரச்சினை வரும். வாசிக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள், டீச்சர்மாரே. பிள்ளைகளுக்கு மட்டும் சொல்கிறோம், வினாவை இரண்டு தரம் வாசி என்று.

கடன் விஷயத்தில் ஒரு வார்த்தை. சம்பளச் சீட்டை வைத்துக் கடன் எடுக்கிற ஆசிரியைகள், அந்தக் காசு எதற்குப் போகிறதோ அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வேன் வாங்கினால் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர்? கடைக்குப் போட்டால் கணக்கில் யார் பெயர்? பெயர் வேண்டாம் என்றால் அதுவும் உங்கள் உரிமை, ஹிபா என்று எழுதிவிட்டுக் கொடுங்கள். நன்மை எழுதப்படும், ஒருவருக்கும் பொய் சொல்லவேண்டி வராது.

இதையெல்லாம் எழுத எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எங்கள் சொந்த வீட்டின் உறுதியிலும் பத்தொன்பது வருடம் ஒரு பெயர்தான் இருந்தது. நகை மற்றவருடையது. கேட்டால் "நமக்குள்ளே என்ன" என்று சிரித்துக்கொள்வோம். டீச்சரின் கதை நடந்தபின் ஒரு இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். எத்தனை பவுண் என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு விடை வந்தது. ஒருவர் எட்டு என்றார், ஒருவர் பதினொன்று என்றார். ஒன்றாக ஒரு கூரைக்குக் கீழ் இருக்கிற, ஒருவரையொருவர் ஏமாற்ற எண்ணமில்லாத இரண்டு பேருக்கே மூன்று பவுண் வித்தியாசம். சண்டையில் இருப்பவர்களுக்கு எத்தனை வரும்? அடுத்த மாதம் நொத்தாரிசிடம் போய் அரைப் பங்கு எழுதினோம். முத்திரைத் தீர்வையும் கட்டணமும் கொஞ்சம் கடித்தது. நொத்தாரிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "ஏதும் பிரச்சினையா சேர்?" என்று கேட்டார். இல்லை என்றோம். நம்பியதாகத் தெரியவில்லை.

நோன்பு முடிந்து எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் கலியாணம். அவளும் ஆசிரியை, போன வருடம்தான் நியமனம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், கைக்கூலி கேட்கவில்லை. வீடு அவர்களுடைய வளவில் கட்டுவதாகப் பேச்சு, அவளுடைய கடனும் அதில் சேரும். போன வெள்ளிக்கிழமை ஒரு தாளை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நகை எவ்வளவு, யாருடையது, கட்ட முன் காணியில் அவள் பெயருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு பக்கம். மாப்பிள்ளையின் வாப்பா கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், "வீட்டில கேட்டுட்டுச் சொல்றன்" என்றார். உம்மாவின் முகம்தான் கொஞ்சம் மாறியது. தேத்தண்ணி வந்தது, குடித்தோம், வந்தோம்.

இன்றைக்குச் செவ்வாய். பதில் இன்னும் வரவில்லை. எங்கள் ராத்தா காலையிலிருந்து எங்களோடு பேசவில்லை, கலியாணம் குழம்பினால் நீங்கள்தான் காரணம் என்கிறார். பிள்ளையைக் கேட்டோம், தாளை வாபஸ் வாங்கவா என்று. வேண்டாம் சாச்சா, இருக்கட்டும் என்றாள்.